என்விடியா பக்கத்தில் ஏ.எம்.டி. பங்கு மலிவுதானா?

கேள்வி: ஏ.எம்.டி.யும் ஏ.ஐ. சிப் விற்கிறது, விற்பனையும் ஏறுகிறது. என்விடியாவோடு ஒப்பிட்டால் சந்தை அதை ஏன் இவ்வளவு குறைத்து மதிப்பிடுகிறது? இப்போதே வாங்கிப் போடலாமா?

பதில்: எதை வைத்துக் குறைவு என்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு வருடக் கணக்கை எடுத்துப் பார்ப்போம். 2024-இல் ஏ.எம்.டி.யின் விற்பனை சுமார் 2,580 கோடி டாலர். 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் விற்பனை சுமார் 13,050 கோடி, அதாவது ஐந்து மடங்கு. ஆனால் 2024 கடைசியில் என்விடியாவின் சந்தை மதிப்பு, அதாவது எல்லாப் பங்குகளின் மொத்த விலை, ஏ.எம்.டி.யைப் போல் பதினாறு மடங்குக்கும் மேல். ஆகவே ஏ.எம்.டி. மலிவாகத் தெரிகிறது.

சரி, லாபத்துக்கு வாருங்கள். நிகர லாபம் என்விடியாவுக்கு ஏறக்குறைய 7,290 கோடி டாலர், ஏ.எம்.டி.க்கு 164 கோடி. சந்தை மதிப்பை வருட லாபத்தால் வகுத்து பி.இ. போட்டால் ஏ.எம்.டி.க்கு 120 வரும். இப்போது அதே பங்கு மிக அதிக விலையாகத் தெரியும்!

இந்த 164 கோடியையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 2022-இல் ஏ.எம்.டி. தன் பங்குகளையே கொடுத்து ஜைலிங்ஸ் என்ற சிப் நிறுவனத்தை வாங்கியது. அதோடு வந்த தொழில்நுட்பத்தின் மதிப்பை வருடா வருடம் செலவாக எழுதிக் கழிக்கிறார்கள். கையிலிருந்து பணம் போவதில்லை. இத்தகையவற்றை நீக்கி நிறுவனம் காட்டும் லாபம் சுமார் 540 கோடி, பி.இ. 36. ஆனால் அதில் ஊழியர்களுக்குப் பங்காகக் கொடுக்கும் சம்பளத்தையும் நீக்கிவிடுகிறார்கள். அது நிஜமான செலவு. நான் அதைத் திரும்பச் சேர்த்துத்தான் பார்ப்பேன்.

அப்படிப் பார்த்தாலும் முதலீட்டாளர்களின் தயக்கம் போகாது. காரணம், அவர்கள் ஒரு தடவை சூடுபட்டவர்கள். 2003-இல் ஏ.எம்.டி.யின் ஆப்டெரான் சர்வர் சிப் வந்தது. 2006-இல் சர்வர் சிப் சந்தையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இன்டெலிடமிருந்து ஏ.எம்.டி. பிடித்திருந்தது. அதே வருடம் கிராஃபிக்ஸ் சிப் நிறுவனமான ஏ.டி.ஐ.யைச் சுமார் 540 கோடி டாலருக்கு வாங்கிக் கடனில் மாட்டியது. 2011-இல் வந்த புல்டோசர் வகைச் சிப்கள் சறுக்கின. 2015-இல் 66 கோடி டாலர் நஷ்டம், பங்கு 2 டாலருக்கும் கீழே. 2014-இல் தலைமைச் செயல் அதிகாரியாகப் பொறுப்பேற்ற லிசா சூவின் காலத்தில், 2017-இல் ஜென் சிப்கள் வந்த பிறகுதான் நிமிர்ந்தது. அப்போதும் சந்தை உடனே நம்பவில்லை. சந்தை மதிப்பில் இன்டெலை முந்த 2022 வரை ஆனது.

என்விடியாவை எதிர்ப்பது அதைவிடக் கடினம். இன்டெலின் இடத்தில் ஏ.எம்.டி. சிப்பைப் போட்டால் பழைய மென்பொருள் பெரும்பாலும் அப்படியே ஓடும். இங்கே அப்படி இல்லை. 2007 முதல் என்விடியாவின் சொந்தக் குடா மென்பொருளின் மேல் எழுதிக் குவித்த நிரல்கள் இருக்கின்றன. சிப் மலிவாகக் கிடைத்தாலும், நிரலை மாற்றி எழுதிச் சோதிக்கும் பொறியாளர்களின் மாதக்கணக்கான வேலை மிச்சமாகாது. ஆராய்ச்சிக்கும் மேலே சொன்ன நிதியாண்டில் என்விடியா ஏறக்குறைய இரண்டு மடங்கு செலவிட்டது. ஏ.எம்.டி.யோ அதில் பாதிப் பணத்தை வைத்துக்கொண்டு கணினிச் சிப்களையும் கவனிக்க வேண்டும்.

என் கருத்தில் இந்தத் தள்ளுபடியில் பெரும்பகுதி நியாயமானதே. அது குறைகிறதா என்று தெரிய, காலாண்டு அறிக்கையில் இரண்டைப் பாருங்கள். ஒன்று, மொத்த லாப விகிதம், அதாவது விற்பனையில் தயாரிப்புச் செலவு போக மிஞ்சும் பங்கு. மேலே சொன்ன ஆண்டில் என்விடியாவுக்கு அது சுமார் 75 சதவீதம், ஏ.எம்.டி.க்கு ஏறக்குறைய 50. விற்பனை ஏறும்போது இது இறங்கினால், விலையைக் குறைத்து விற்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். இன்னொன்று இதைவிட முக்கியம்: முதல் தலைமுறைச் சிப்பை வாங்கிய பெரிய வாடிக்கையாளர் அடுத்த தலைமுறையையும் வாங்குகிறாரா? முதல் ஆர்டர் சோதனைக்காகவும் இருக்கலாம், என்விடியாவிடம் பேரம் பேசவும் இருக்கலாம். இரண்டாவது ஆர்டர் வரும்வரை நான் சிறு தொகைக்கு மேல் போடமாட்டேன்.