பெட்ரோலையே புகை குறைவாக எரியும்படி தயாரிக்க முடியுமா?

ஏற்காடு மலைப்பாதையில் முன்னால் போகும் வண்டிகளின் புகை தாங்கவில்லை, பெட்ரோலையே மாற்ற முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். பாதி வேலை நடந்தும் விட்டது.

முக்கியமான மாற்றம் கந்தகத்தில். வாகனப் புகைக்கான இந்தியத் தர விதியான பாரத் ஸ்டேஜின் நான்காம் கட்டத்தில், அதாவது பிஎஸ்-4 பெட்ரோலில், 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) வரை அனுமதி இருந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பிஎஸ்-6, வரம்பு 10. கந்தகம், புகைக்குழாயில் நச்சு வாயுக்களை மாற்றும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் இருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சில் ஒட்டிக்கொண்டு அதை மந்தமாக்கிவிடும். அப்புறம் கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சரியாக மாறாமல் வெளியே வரும். சுத்திகரிப்பு ஆலையில் ஹைட்ரஜன் செலுத்திக் கந்தகத்தைப் பிரிக்கும்போது ஆக்டேனும், அதாவது எஞ்சினில் பெட்ரோல் முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் திறனும், கொஞ்சம் இறங்கும். முன்பு ஈயம் கலந்து ஏற்றினார்கள். 2000-இல் அது நின்றது, நல்லவேளை. பென்சீனைக் கூட்டினால் ஏறும்தான், ஆனால் அது புற்றுநோய் வரவைக்கும். அதற்கு 1 சதவீதமே வரம்பு. எத்தனால் என்னும் ஆல்கஹால் இங்கே கைகொடுக்கிறது. ஆக்டேன் ஏறும், கூடவே ஆக்சிஜன் இருப்பதால் கார்பன் மோனாக்சைடும் குறையும். மைலேஜ் சற்று அடிவாங்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சேலத்து மத்தியான வெயிலில் பங்க்கில் டேங்க் மூடியைத் திறந்ததும் குப்பென்று ஒரு வாடை அடிக்குமே, அது எரியாமலே காற்றில் கலக்கும் பெட்ரோல். வெயில் பட்டு, நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்து, மூச்சைப் பாதிக்கும் ஓசோன் வாயுவை உண்டாக்கும். அதனால்தான் பியூட்டேன் போன்ற லேசான பொருட்களைக் குறைத்து ஆவியழுத்தத்தை, அதாவது எளிதில் ஆவியாகும் தன்மையை, கட்டுப்படுத்துகிறார்கள்.

ஆனால் கொண்டை ஊசி வளைவில் பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி கக்கும் நீலப்புகை ஆயில் எரிவதால் வருவது. எந்தப் பெட்ரோல் ஊற்றினாலும் அது நிற்காது. அடிவாரத்திலேயே புகைச் சோதனை வைத்துத் தடுக்க வேண்டும்.