தாய்க்கு என்ன வாங்கி வைத்தீர்கள்?

கேள்வி: என் மகளுக்கு இது தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். தேதிக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. அவள் ஆன்லைனில் ஆர்டர் போட்ட பெட்டிகள் தினமும் வந்து இறங்குகின்றன. பிரித்துப் பார்த்தால் எல்லாம் குழந்தைக்குத்தான். பெற்றவளுக்கு என்னென்ன வாங்கி வைக்க வேண்டும் என்று எனக்குப் பிடிபடவில்லை. என் பிரசவத்தின்போது அம்மா லேகியம் கிளறி, பழைய வேட்டியைக் கிழித்து மடித்து வைத்திருந்தார். அதுதான் ஞாபகம் இருக்கிறது. இப்போதும் லேகியம் கொடுக்கலாமா? பச்சை உடம்புக்குத் தண்ணீர் அதிகம் கொடுக்கக் கூடாது என்கிறார் சம்பந்தியம்மா. மகளோ, அதெல்லாம் முடியாது என்கிறாள். நடுவில் நான் தவிக்கிறேன்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ராஜபாளையம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பிரசவ வார்டில் செவிலியராகப் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். ஆஸ்பத்திரிக்கு வரும் பைகளில் குழந்தையின் பை நிரம்பி வழியும். தாயின் பையைத் திறந்தால் இரண்டு நைட்டி, ஒரு துண்டு, ஒரு சீப்பு. ராத்திரி பதினோரு மணிக்கு நாப்கின் தேடி மருந்துக்கடைக்கு ஓடும் கணவர்களை வாரம் தவறாமல் பார்த்திருக்கிறேன். ஒன்பது மாதம் சுமந்து பெற்ற உடம்புக்கு ஆறு வாரமாவது பராமரிப்பு வேண்டும். அதற்கான சாமான்களை வலி எடுப்பதற்கு முன்பே வாங்கி வைத்துவிட வேண்டும்.

கடைக்காரர் தரும் பட்டியலைப் பார்த்து வாங்காதீர்கள். மகளின் உடம்பில் என்னென்ன நடக்கப் போகிறது என்று யோசித்துப் பாருங்கள், தேவையானவை தானாகத் தெரிந்துவிடும்.

முதலில் உதிரப்போக்கு. சிசேரியன் என்றால் போக்கு இருக்காது என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்தப் பிரசவமானாலும் போக்கு இருக்கும். முதல் சில நாள் நல்ல சிவப்பாக, கட்டியும் கலந்து வரும். பிறகு பழுப்பாகி, வெளிறி, நான்கு முதல் ஆறு வாரத்தில் நின்றுவிடும். மாதவிலக்குக்கு வாங்கும் மெல்லிய நாப்கின் முதல் வாரத்துக்குப் பத்தாது. மருந்துக்கடையில் மெட்டர்னிட்டி பேட் என்று கேளுங்கள். நீளமாகவும் பஞ்சு அதிகமாகவும் இருக்கும். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் முதல் பத்து நாளுக்கு 50, 60 வரை ஆகும். அதற்குப் பிறகு சாதாரண நாப்கின் போதும். முதல் இரண்டு ராத்திரிக்கு மட்டும் பெரியவர்களுக்கான டயாபர் பேன்ட் நாலைந்து வாங்கிக்கொண்டால் படுக்கை நனையாது, அவளும் பயமில்லாமல் தூங்குவாள். உள்ளே வைக்கிற டாம்பன், மாதவிலக்குக் கப் இரண்டும் ஆறு வாரத்துக்கு வேண்டாம்.

உங்கள் அம்மா கிழித்து வைத்த வேட்டித் துணி இன்றைக்கும் உதவும். பால் கசிந்தால் உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ள அதைவிட மென்மையான துணி கிடையாது. ஒன்றே ஒன்று, துவைத்து நல்ல வெயிலில் காயப்போட்டு மூடி வையுங்கள். வீட்டுக்குள் மறைவாகக் கட்டிய கொடியில் ஈரம் காயாத துணி வேண்டவே வேண்டாம்.

அடுத்தது தையல். சுகப்பிரசவத்தில் தையல் போட்டிருந்தால் சிறுநீர் படும்போதெல்லாம் காந்தும். இதற்கு நான் சொல்லும் சாமானின் விலை மிகக் குறைவு. ஓட்டல் மேஜைகளில் சாஸ் ஊற்றி வைத்திருப்பார்களே, அந்த மாதிரி பிதுக்கும் பிளாஸ்டிக் பாட்டில் புதிதாக ஒன்று வாங்குங்கள். அதில் வெதுவெதுப்பான தண்ணீரை நிரப்பி, சிறுநீர் போகும்போதே முன்பக்கத்திலிருந்து பீய்ச்சிக்கொண்டால் எரிச்சல் நன்றாகக் குறையும். பிறகு முன்னாலிருந்து பின்னால் ஒற்றித் துடைக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. முதல் நாள் வீக்கத்துக்கு ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிஷம் வைக்கலாம். அதன்பின் ஒரு அகலமான புது டப்பில் வெந்நீர் விட்டுப் பத்துப் பதினைந்து நிமிஷம் உட்கார வைத்தால் இதமாக இருக்கும். மருந்துத் தண்ணீர் எதையும் டாக்டர் சொன்னாலொழிய அதில் கலக்காதீர்கள். தையலில் மஞ்சள், பவுடர், எண்ணெய் எதுவும் வைக்கக் கூடாது.

உங்கள் வீட்டுக் கழிவறையையும் இன்றே ஒரு முறை போய்ப் பாருங்கள். குத்த வைத்து உட்காரும் வகை என்றால், தையலோடு அதில் எழுந்து உட்காருவது பெரும்பாடு. வயிற்றைக் கிழித்து எடுத்திருந்தால் கேட்கவே வேண்டாம். சர்ஜிக்கல் கடைகளில் கம்மோடு நாற்காலி கிடைக்கும், பல ஊரில் வாடகைக்கும் தருகிறார்கள். பிள்ளைக்குத் தொட்டில் வாங்குவதற்கு முன்னால் இதை ஏற்பாடு செய்யுங்கள்.

சிசேரியன் ஆகுமா என்று பெரும்பாலும் முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் துணிமணியை இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி எடுங்கள். காயம் அடிவயிற்றில் இருக்கும், சாதாரண ஜட்டியின் எலாஸ்டிக் சரியாக அதன்மேல் வந்து அழுத்தும். தொப்புளுக்கு மேல் ஏறுகிற, ஒரு சைஸ் பெரிய, அடர்ந்த நிறத்துப் பருத்தி ஜட்டி எட்டாவது வேண்டும். முன்பக்கம் ஜிப் வைத்த பருத்தி நைட்டி நான்கு. வயிற்று பெல்ட்டை டாக்டர் சொன்ன பிறகு அளவு பார்த்து வாங்கிக்கொள்ளலாம். எழுந்து நடக்கும்போது அது காயத்துக்குப் பிடிமானமாக இருக்கும். ஆனால் பெல்ட் கட்டினால் வயிறு உள்ளே போய்விடும் என்பது நடக்காது. கர்ப்பப்பை பழைய அளவுக்குத் திரும்ப ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும், அது தன் வேகத்தில்தான் சுருங்கும். பெற்றவளின் வயிற்றின்மேல் கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஓங்கி ஊற்றும் பழக்கம் உங்கள் பக்கத்தில் இருந்தால், தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

இருமல் வரும்போதும் சிரிக்கும்போதும் வயிற்றோடு அணைத்துக்கொள்ள ஒரு சின்னத் தலையணை பக்கத்தில் இருக்கட்டும். அதையே பால் கொடுக்கும்போது மடியில் வைத்துக்கொள்ளலாம். தனியாக ஃபீடிங் தலையணை வாங்க வேண்டிய அவசியமில்லை.

இனி, யாரும் வாய்விட்டுச் சொல்லாத சங்கதி: மலச்சிக்கல். தையல் பிரிந்துவிடுமோ என்ற பயத்தில் பெண்கள் அடக்கிக்கொள்வார்கள். அடக்க அடக்க இறுகும், இறுகினால் வலிக்கும், வலித்தால் இன்னும் பயம். இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இளக்கும் மருந்தை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் உலர்ந்த திராட்சை, அத்திப்பழம், கீரை, வாழைப்பழம் இருக்கட்டும்.

இங்கேதான் தண்ணீர் விஷயம் வருகிறது. உங்கள் மகள் சொல்வதே சரி. தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான். பால் கொடுக்கும் பெண்ணுக்குத் தாகம் கூடுவது அதனால்தான். தண்ணீரைக் குறைத்தால் மலம் இறுகும், நீர்க்கடுப்பு வரும், உடம்பு வறண்டு படுத்தே கிடக்கிறவளுக்குக் காலில் ரத்தம் உறையும் அபாயமும் கூடும். தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும், புண் சீழ் பிடிக்கும் என்பதற்கு ஆதாரமே இல்லை. பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் ஒரு டம்ளர் குடிக்கட்டும். பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு செம்பைச் சாய்க்க முடியாது, ஸ்ட்ரா வைத்த பாட்டிலாக வாங்கிக் கட்டில் பக்கத்தில் வையுங்கள். பச்சைத் தண்ணீர் வேண்டாம் என்று சம்பந்தியம்மா நினைத்தால் சீரகத் தண்ணீராக, வெந்நீராகக் கொடுங்கள். அளவு மட்டும் குறையக் கூடாது.

லேகியம் கொடுக்கலாம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை, வெல்லம், நெய், நல்லெண்ணெய் என்று வீட்டில் கிளறும் பிரசவ லேகியம் சுண்டைக்காய் அளவில் தினம் ஒரு வேளை சாப்பிட்டால் பசி எடுக்கும், வாயு குறையும். நாட்டு மருந்துக் கடையில் சாமான் வாங்கி நீங்களே கிளறுவதை நான் விரும்புவேன், உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமல்லவா! கடையில் ஆயத்தமாக வாங்கினால் லைசென்ஸ் எண்ணும் தயாரித்த தேதியும் அச்சிட்ட பாட்டிலாக இருக்கட்டும். பஸ்பம், செந்தூரம் கலந்தது வேண்டாம். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்திருந்தால் வெல்லம் ஆகாது, டாக்டரிடம் கேட்ட பிறகுதான். அப்படி இருந்தவர்கள் பிரசவமாகி ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடியும் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ளவும் வேண்டும்.

பூண்டுக் குழம்பு, பால் சுறாப் புட்டு, கருவாடு, மணத்தக்காளி வற்றல் எல்லாம் நல்ல சாப்பாடு. அந்தப் பத்தியத்தில் எனக்கு மனத்தாங்கல் கிடையாது. பழம் கூடாது, கீரை கூடாது, பருப்பு கூடாது என்று கழித்துக்கொண்டே போய் வெறும் ரசம் சாதத்தில் நிறுத்துகிறார்களே, அதுதான் என் மனசைப் புண்படுத்துகிறது. ரத்தம் இழந்தவளுக்கு முட்டையும் மீனும் கீரையும் வேண்டும். அரசுத் திட்டப்படி இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் சாப்பிட வேண்டும். இரும்பையும் கால்சியத்தையும் ஒரே வேளையில் போடக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். காபி, டீயோடும் இரும்பு மாத்திரை வேண்டாம்.

அரசு மருத்துவமனையில் பிரசவம் என்றால் இன்னொரு தகவல். 2015-ல் தொடங்கிய அம்மா குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தின் 16 பொருள்களில் தாய்க்கான சோப்பும் சௌபாக்கிய சுண்டி லேகியமும் அடங்கியிருந்தன. அங்கே சிசேரியன் உட்படப் பிரசவச் செலவு இலவசம். கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வந்தால் பிள்ளையின் எடையை மட்டும் பார்த்து அனுப்பிவிடாமல் தாயையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பால் பவுடர் டப்பா, ஃபீடிங் பாட்டில், பால் உறிஞ்சும் பம்ப் இவற்றை முன்கூட்டி வாங்க வேண்டாம். டப்பா வீட்டில் இருந்தால், இரண்டாம் நாள் ராத்திரி பிள்ளை அழும்போது யாரோ ஒருவர் திறந்துவிடுவார். அந்த நாளில் ஊறுவது சில சொட்டுச் சீம்பால்தான், பிள்ளைக்கு அது போதும். மார்புக் காம்பு வெடித்தால் லனோலின் களிம்பு உதவும், ஆனால் பிள்ளை சரியாகக் கவ்வவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். வார்டிலேயே செவிலியரிடம் காட்டிக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் கட்டாயம் வாங்குங்கள். கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் இருந்திருந்தால் பி.பி. மெஷினும் வேண்டும், ஏனென்றால் பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் வரைகூட அது ஏறி வலிப்பில் கொண்டுபோய் விடலாம். ஒரு தாளில் இவற்றை எழுதி பீரோவில் ஒட்டுங்கள்: ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைவது, எலுமிச்சை அளவு கட்டி விழுவது, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், போக்கில் துர்நாற்றம், விடாத தலைவலியோடு கண் மங்குவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, தையலில் சீழ். இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழையுங்கள். அழுகையும் சேரட்டும் அந்தத் தாளில். முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் கண் கலங்குவது சகஜம். அதைத் தாண்டியும் நீடித்தால், தூக்கமே வராவிட்டால், பிள்ளையைப் பார்க்கவே பிடிக்காவிட்டால், அது கொழுப்பும் இல்லை, செல்லமும் இல்லை, சிகிச்சை தேவைப்படும் நோய். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

சம்பந்தியம்மாவோடு சண்டை வேண்டாம். அவரும் அக்கறையில்தான் சொல்கிறார். டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் அவரையும் அழைத்துப் போங்கள். தண்ணீர் பற்றி அவரே டாக்டரிடம் நேரில் கேட்கட்டும். நீங்கள் சொன்னால் மகளுக்குப் பரிந்து பேசுவதாகப் படும், டாக்டர் சொன்னால் அப்படித் தோன்றாது. திரும்பி வந்ததும் பூண்டுக் குழம்பை அவர் கையால் வைக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் ஒரு கீரைக் கூட்டை நீங்கள் வையுங்கள்.