எந்த விரல், எந்தக் கம்பி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து கிட்டார் கேள்வி பதில்

மாஸ்டர், பகலில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டுகிறேன். கிட்டார் எடுத்து ஆறு மாதம். விரலால் வாசிக்க எந்த முறை எனக்குச் சரி?

தம்பி, முதலில் உன் கட்டைவிரலைப் பார். தடித்த 6, 5, 4 கம்பிகள் அதன் பொறுப்பு. 3க்கு ஆள்காட்டி, 2க்கு நடுவிரல், 1க்கு மோதிர விரல். கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை, ஒவ்வொரு கம்பியாகப் பிரித்து மெதுவாக வாசிக்கும் பாட்டுக்கெல்லாம் இது போதும்.

இன்னொன்று டிராவிஸ் முறை. 1917இல் அமெரிக்காவின் கென்டக்கியில் பிறந்த கிட்டார் கலைஞர் மெர்ல் டிராவிஸின் பெயரில் வழங்குவது. அவர் பெரும்பாலும் கட்டைவிரலும் ஆள்காட்டியும் வைத்தே வாசித்தார். சி கார்டைப் பிடி. கட்டைவிரல் 5, 4, 5, 4 என்று தாளத்துக்கு ஒன்றாக அடிக்கட்டும். இடையிடையே ஆள்காட்டி 2ஆம் கம்பியைத் தொடட்டும். உறுமி நின்றால் ஆட்டம் நின்றுவிடும் அல்லவா? இங்கே கட்டைவிரல்தான் உறுமி. இரண்டு வாரம் அதை மட்டும் பழகு, பிறகு முறையைத் தேர்ந்தெடு. மணிக்கட்டை மடக்காதே.

பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) போதாதா?

கார்டை மொத்தமாக அடிக்கப் போதும். பாஸும் (தடித்த கம்பிகளின் தாழ்ந்த ஒலி) மெட்டும் சேர்ந்து கேட்கவேண்டுமென்றால் விரல்தான் வசதி.

நகம் இல்லாமல் வாசித்தால் சத்தமே வராது. ஏன் எல்லோரையும் நகம் வளர்க்கச் சொல்லமாட்டேன் என்கிறீர்கள்?

வரும் ஐயா. நகத்தில் ஒலி கூர்மையாகவும் உரக்கவும் வரும். சதையில் உருண்டையாக, மெதுவாக வரும். இந்தச் சண்டைக்கு இருநூறு வயது. ஸ்பெயின் கிட்டார் கலைஞர் சோர் சதையால் வாசித்தார், அவர் நண்பர் அகுவாடோ நகத்தால். இருவரும் சேர்ந்து வாசிக்கவென்றே சோர் 'இரு நண்பர்கள்' என்ற படைப்பை எழுதினார்.

சோர் பழைய காலம். பிற்காலத்து ஸ்பெயின் கலைஞர் செகோவியா நகத்தால்தானே வாசித்தார்?

ஆமாம், நகமும் சதையும் சேர்த்து. ஆனால் இன்னொரு ஸ்பெயின் கலைஞர் தாரேகா கடைசிக் காலத்தில் நகத்தை விட்டுவிட்டார். பால் வெட்டும் பையனின் விரலைப் பார்த்திருக்கிறீர்களா? நக ஓரத்தில் காய்ந்த பாலை உரித்து எடுக்கவேண்டும், நகமும் எங்கேயாவது பிளந்திருக்கும். அந்த நகத்தோடு கம்பியைத் தொட்டால் 'டிக்' என்று மாட்டும். இரும்புக் கம்பி நல்ல நகத்தையே தேய்த்துவிடும். அவனிடம் நகம் வளர்க்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ஒட்டி வெட்டிவிட்டு, நைலான் கம்பி போடட்டும்.

கட்டைவிரல் பிக் போடலாமா?

பாஸ் தெளிவாக வேண்டுமானால் போடலாம். இறுக்கினால் விரல் மரத்துப்போகும்.

என் மகளுக்கு ஒன்பது வயது. எந்த முறை முதலில்?

அம்மா, மேலே தம்பிக்கு முதலில் சொன்ன முறையே. மோதிர விரலுக்கு அவசரம் வேண்டாம். சோரே அதைக் குறைவாகத்தான் பயன்படுத்தினார். பாப்பாவுக்குச் சிறிய கிட்டாராக வாங்குங்கள்.

எந்தக் கிட்டார் வாங்கலாம்?

ஈப்போவில் கடைக்குப் போய், மடியில் வைத்துப் பாருங்கள். இங்கே கை பற்றி மட்டும் கேளுங்கள்.

மீட்டிய விரல் அடுத்த கம்பியில் சாயலாமா?

நல்ல கேள்வி. மெட்டு தனித்துக் கேட்கச் சாயலாம், ஒலி தடிக்கும். கார்டைப் பிரிக்கும்போது சாய்ந்தால் பக்கத்துக் கம்பியின் ஒலி செத்துப்போகும்.

எந்த முறை முதலில்?

முதல் பதில்.

அரை மணி வாசித்தால் விரல் நுனி கூசுகிறது. பழகிவிடுமா?

பழகாது! மணிக்கட்டு மடங்கியிருக்கிறதா பாருங்கள். இன்று கிட்டாரைக் கீழே வையுங்கள், கூச்சம் நாளைக்கும் இருந்தால் கிளினிக்குக்குப் போங்கள்.