நாற்காலியில் பெயர் பொறிக்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் சிற்றூரில் ஒரு சின்னக் கலையரங்கம் இருக்கிறது. நாடகம், கச்சேரி, பிள்ளைகளின் ஓவிய வகுப்பு எல்லாம் அங்கேதான். டிக்கெட் வருமானம் போதவில்லை என்று நிர்வாகக் குழுவினர் நன்கொடை கேட்கிறார்கள். பெருந்தொகை கொடுத்தால் ஒரு நாற்காலியில் என் பெயரைப் பொறிப்பார்களாம். ஓய்வூதியத்தில் வாழ்பவள் நான், கொடுக்க ஆசைதான். "மருத்துவமனைக்குக் கொடுத்தால் ஓர் உயிர் பிழைக்கும், கூத்துக்குக் கொடுத்து என்ன பயன்?" என்கிறான் மகன். எனக்கு என்ன கிடைக்கும் என்று நினைத்துப் பார்ப்பதே அற்பத்தனமோ என்றும் உறுத்துகிறது.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: உறுத்தலை முதலில் இறக்கி வையுங்கள் அம்மா. கொடுக்கிறவருக்கு உண்டாகும் மனநிறைவையும் கணக்கில் சேர்த்தால்தான் மனிதர்கள் ஏன் கொடுக்கிறார்கள் என்பது விளங்கும் என்று பொருளியலாளர் ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி 1990-லேயே வாதிட்டுவிட்டார். எந்தப் பலனையும் எதிர்பாராமல் கொடுப்பவர்கள் இருக்கலாம். அவர்கள் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை.

மகன் கேட்டதை உதறிவிடாதீர்கள், அது நியாயமான கேள்வி. மருத்துவமனைக்கு ஒதுக்கியிருந்த பணத்தை அரங்கத்துக்குத் திருப்பினால் அவர் சொல்வதே சரி. பொழுதுபோக்குக்கு, பயணத்துக்கு, புதுத் துணிக்கு என்று எடுத்துவைப்பதிலிருந்து கொடுத்தால் எந்த நோயாளியின் பங்கும் குறையாது. புதிதாக ஒரு கைப்பேசி வாங்கும்போது அதற்கு எத்தனை உயிர்கள் விலை என்று யாரும் நம்மைக் கேட்பதில்லை. கலைக்குக் கொடுக்கும்போது மட்டும் அந்தத் தராசு எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

டிக்கெட் விற்றே நடத்தக் கூடாதா என்று மகன் அடுத்ததாகக் கேட்பார். முடியாததற்குக் காரணம் நிர்வாகத்தின் திறமைக்குறைவு மட்டுமல்ல. வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 1966-இல் இதை விளக்கினார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் வந்ததும் பத்துப் பேர் செய்ததை இரண்டு பேர் செய்தார்கள். நால்வர் வாசிக்க எழுதப்பட்ட இசைக்கு இருநூறு ஆண்டு கழித்தும் அதே நால்வர்தான் வேண்டும், அதே நேரமும் வேண்டும். மற்ற துறைகளில் ஊதியம் ஏறும்போது கலைஞருக்கும் கூட்டிக் கொடுக்கவேண்டும். உற்பத்தி மட்டும் கூடுவதில்லை. அந்தப் பள்ளத்தை டிக்கெட் விலையால் நிரப்பப் பார்த்தால் பாதி ஊர் வாசலிலேயே நின்றுவிடும். சிற்றூரில் நாற்காலிகளும் குறைவு என்பதால் நெருக்கடி இன்னும் கூடுதல்.

சரி, உங்களுக்கு என்ன கிடைக்கும்? 2008-இல் கனடாவில் நடந்த ஆய்வு ஒன்றில், சிலரிடம் காலையில் ஐந்து டாலரோ இருபது டாலரோ கொடுத்து, மாலைக்குள் செலவழிக்கச் சொன்னார்கள். தமக்கே செலவழித்தவர்களைவிட மற்றவர்களுக்குச் செலவழித்தவர்கள் மாலையில் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். ஐந்தா இருபதா என்பது பொருட்டாகவே இல்லை. ஓய்வூதியக்காரர்களுக்கு இதைவிட நல்ல செய்தி ஏது! அதே ஆய்வாளர்கள் சிலர் பிறகு செய்த சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது: காபிக் கடையின் பரிசு அட்டையை ஒருவருக்குக் கொடுத்துவிட்டுப் போனவர்களைவிட, அவரோடு கடைக்கே போய் உட்கார்ந்தவர்களுக்குத்தான் மகிழ்ச்சி அதிகம்.

உங்கள் விஷயத்தில் என் பதிலே இதுதான். தொலைவிலுள்ள பெரிய நிறுவனத்துக்குக் கொடுத்தால் ரசீது வரும். பக்கத்துத் தெரு அரங்கத்துக்குக் கொடுத்தால் பணம் போன இடத்தில் நீங்களே போய் உட்காரலாம். ஒழுகிய கூரை ஒழுகாமல் இருப்பதைப் பார்க்கலாம். வசனத்தை மறந்து விழிக்கிற பையன் அடுத்த ஆண்டு மறக்காமல் பேசுவதைக் கேட்கலாம். இடைவேளையில், இத்தனை காலம் பெயர் தெரியாத அண்டை வீட்டாரோடு நாடகம் சரியில்லை என்று சண்டை பிடிக்கலாம். வீட்டில் இருந்தபடியே பணம் அனுப்பிவிட்டு ஒதுங்கினீர்களானால் இதில் பாதிக்கு மேல் நஷ்டம்.

உடல்நலத்துக்கும் நல்லது என்பார்கள். இங்கிலாந்தில் ஐம்பது வயதைத் தாண்டிய ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பதினான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2019-இல் வெளியான ஆய்வில், சில மாதங்களுக்கு ஒருமுறையாவது நாடகம், கச்சேரி, அருங்காட்சியகம் என்று போய்வந்தவர்களுக்கு, போகாதவர்களைவிட இறப்பு அபாயம் 31 சதவீதம் குறைவாக இருந்தது. தெம்பாக இருப்பவர்கள்தாமே வெளியே கிளம்புகிறார்கள் என்று மகன் மடக்கக்கூடும். ஆய்வாளர்கள் உடல்நிலை, வருமானம் போன்றவற்றைக் கழித்தே பார்த்தார்கள். என்றாலும் இது காரணத்தை நிரூபிப்பதில்லை. ஆயுளுக்காகக் கொடுக்காதீர்கள்.

இனி அந்த நாற்காலி. வேண்டாம் என்பேன். பெருந்தொகையை ஒரே தடவையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆண்டு கையைப் பிசைவதைவிட, மாதாமாதம் வலிக்காத ஒரு சிறு தொகையை, எதற்கு வேண்டுமானாலும் செலவழித்துக்கொள்ளுங்கள் என்று நிபந்தனையின்றிக் கொடுப்பது அரங்கத்துக்கு உயிர் கொடுக்கும். மேடை விளக்குக்கும் திரைச்சீலைக்கும் புரவலர் கிடைத்துவிடுவார்கள். மின்கட்டணத்துக்கும் கழிவறைக் குழாய்க்கும் யார் பெயரைப் பொறிப்பது? ஆண்டுக் கணக்கைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டே தொடங்குங்கள். காட்டத் தயங்குகிற குழுவுக்கு ஒரு காசும் வேண்டாம்.

குழுவினருக்கும் ஒன்று சொல்லுங்கள். நன்கொடைக்குக் கைம்மாறாகப் பேனா, பை என்று பரிசு தருவதாக அறிவித்தால் தொகை குறையக்கூடும் என்று 2012-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. பெயர் போடுவது அப்படியல்ல. நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் கட்டப் பணமில்லாமல் வேலை நின்றபோது, 1885-இல் ஜோசப் புலிட்சர் தம் பத்திரிகையில் நிதி திரட்டினார். எவ்வளவு சிறிய தொகையானாலும் கொடுத்தவர் பெயரை அச்சிடுவதாகச் சொன்னார். ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொடுத்தார்கள், பெரும்பாலோர் ஒரு டாலருக்கும் குறைவாக. ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது.

நாற்காலிக்குப் பதில், நுழைவாயிலில் கொடுத்தவர் அனைவரின் பெயரையும் தொகையைக் குறிப்பிடாமல் அகர வரிசையில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். உங்கள் பெயரும் அதில் இருக்கட்டும். முதல் நிகழ்ச்சிக்கு இரண்டு டிக்கெட் வாங்குங்கள், ஒன்று மகனுக்கு.