பாஸ் பத்து நிமிடம், வேலை நாள் முழுக்க

கேள்வி: செயற்கைக்கோளை இயக்கும் பொறியாளர் வேலை எப்படி இருக்கும்? நாள் முழுக்கத் திரையைப் பார்த்து ஓட்டிக்கொண்டே இருப்பீர்களா?

ஓட்டுவதா! பாதி நேரம் அது எங்கே பறக்கிறது என்பதே எங்களுக்குக் கணக்கில்தான் தெரியும். நான் வேலை பார்த்தது தாழ்வான பாதையில் சுற்றும் புவி நோக்குச் செயற்கைக்கோள்களில். 600 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். ஒரு தரைநிலையத்தின் பார்வையில் அது இருப்பது அதிகம் போனால் பத்துப் பன்னிரண்டு நிமிடம். அதைத்தான் 'பாஸ்' என்போம். பெங்களூரில் உள்ள இஸ்ரோவின் கண்காணிப்பு மையமான இஸ்ட்ராக், லக்னோ, போர்ட் பிளேர், மொரிஷியஸ், இந்தோனேசியாவின் பியாக் என்று பல இடங்களில் நிலையம் வைத்திருப்பதே இந்த நிமிடங்களைக் கூட்டிக்கொள்ளத்தான். ராக்கெட் ஏவும்போது டிவியில் கைதட்டும் அறை ஸ்ரீஹரிகோட்டாவில் இருப்பது. அது வேறு வேலை.

பாஸ் நேரத்தில் ஆன்டெனா அடிவானத்தை நோக்கிக் காத்திருக்கும். சிக்னல் பிடிபட்டதும் திரையில் டெலிமெட்ரி, அதாவது கலம் தன் நிலையைப் பற்றி அனுப்பும் தகவல், ஓடத் தொடங்கும். என் கண் முதலில் போவது பேட்டரி வோல்டேஜுக்கு, அப்புறம் கலம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதற்கு. எல்லாம் வரம்புக்குள் இருந்தால்தான் கமாண்ட். ஒருவர் வாய்விட்டுப் படிப்பார், மற்றவர் சரிபார்த்துத் தலையாட்டிய பிறகே அனுப்புவோம். கலம் அதை வாங்கிக்கொண்டதா என்று பார்ப்பதற்குள் அடுத்த கமாண்ட் வரிசையில் நிற்கும்.

பாஸில் யோசிக்க நேரம் கிடையாது. அதனால் யோசனையெல்லாம் முன்கூட்டியே: இது நடந்தால் இதைச் செய், இந்த எண் இதற்குக் கீழே போனால் எதையும் தொடாதே. எங்கள் வேலையில் பெரும்பகுதி இந்த வழிமுறைகளை எழுதுவதும், சிமுலேட்டரில் ஓட்டிப் பார்ப்பதும்தான். ஒரு நடுராத்திரி பாஸில் எங்கள் கோள் சேஃப் மோடில் வந்தது. கேமராவை அணைத்து, சோலார் பேனலைச் சூரியன் பக்கம் திருப்பி, தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டிருந்தது. புதிதாகச் சேர்ந்த பையன், "உடனே பழைய நிலைக்குக் கொண்டுவந்துடலாமா சார்?" என்றான். வழிமுறையில் இருந்தது ஒன்றே ஒன்று: பதிவான தகவலை இறக்கு. இறக்கினோம், நிறுத்திக்கொண்டோம். மின்சாரம் இருக்கிற கோள் காத்திருக்கும். அவசரப்பட்டுக் காரணம் தெரியாமல் மீட்டால் அதே கோளாறு மறுபடி வரும்.

தூரம் கூடக் கூட இந்த முன்யோசனையும் கூடும். 2014 செப்டம்பர் 24 அன்று மங்கள்யான் செவ்வாயைச் சுற்றும் பாதையில் நுழைந்தபோது சிக்னல் ஒரு வழி வரவே 12 நிமிடத்துக்கு மேல் ஆனது. எஞ்சின் எரிந்தது சுமார் 24 நிமிடம். அதில் ஒரு பகுதி நேரம் கலம் செவ்வாய்க்குப் பின்னால். நேரம் குறித்த கமாண்ட்களைப் பல நாள் முன்பே ஏற்றிவிட்டார்கள். சுமார் 300 நாள் சும்மா கிடந்த அந்த எஞ்சினை, இரண்டு நாள் முன்பு ஏறத்தாழ 4 விநாடி எரித்துப் பார்த்ததும் அதே ஜாக்கிரதைதான்.

ஷிப்ட் உண்டு, தீபாவளியும் கன்சோலில் போகலாம். எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர், மெக்கானிக்கல் எது படித்தவரும் வரலாம். பைதான் கற்றுக்கொள்ளுங்கள், டெலிமெட்ரியை அலச உதவும். பரபரப்பு வேண்டுமென்றால் மட்டும் வராதீர்கள்.