டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

கேள்வி: நான் வீடியோகிராபர். கையடக்கமான ஃபுல்ஃபிரேம் கேமராவில் எடுக்கிறேன். வாடிக்கையாளர்களோ, “இந்தச் சின்ன டப்பாவிலா எடுக்கப் போறீங்க? போன தடவை வந்தவர் தோளில் வைத்து எடுத்தாரே!” என்கிறார்கள். பெரிய கேமராவுக்கு மாறிவிடலாமா?

பதில்: டப்பா என்றால் எது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, பாவம். 2007இல் சோனி, ஹெச்விஆர்-ஹெச்டி1000 என்று ஒரு கேமராவைக் கொண்டுவந்தது. தோளில் ஏற்றினால் டிவிக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று கூட்டமே தலைவாரிக்கொள்ளும். உள்ளே இருந்ததோ கையடக்க கேம்கார்டருக்குப் போதுமான ஒற்றைச் சென்சாரும் (ஒளியைப் படமாக்கும் சில்லு) மினிடிவி (MiniDV) என்ற குட்டி வீடியோ கேசட்டும்தான். மீதி இடத்தில் என்ன வைத்தார்கள் என்றால், கௌரவம். வியாபாரம் தெரிந்தவர்கள்! அந்த வம்சத்தில் பிறகு வந்த எம்சி2500க்கு கால் அங்குல வகைச் சென்சார். உங்களைக் கேலி செய்தவரின் செல்போனில் இருப்பதே அதைவிடப் பெரிதாக இருக்கும்.

ஆனால் வாடிக்கையாளரை மட்டம் தட்ட மாட்டேன். 1982இல் சோனியின் பீட்டாகேம் என்ற ஒளிபரப்புக் கேமரா வந்தபோது கேமராவோடு கேசட் ரெக்கார்டரையும் ஒரே உடம்பில் சுமக்க வேண்டியிருந்தது. பெரிதாக இருந்ததற்குக் காரணம் இருந்தது. காரணம் போய்விட்டது, மரியாதை மட்டும் தங்கிவிட்டது. அந்தக்கால ஒளிபரப்புக் கேமராக்களின் மூன்றில் இரண்டு அங்குல வகைச் சென்சார் 8.8க்கு 6.6 மில்லிமீட்டர். உங்களுடையது ஃபுல்ஃபிரேம், அதாவது 36க்கு 24. பரப்பில் ஏறக்குறைய 15 மடங்கு. 2023இல் வந்த ‘தி கிரியேட்டர்’ என்ற ஹாலிவுட் படத்தைச் சோனி எஃப்எக்ஸ்3இல் எடுத்தார்கள். பாட்டரியோடு சேர்த்தாலும் அந்த கேமரா முக்கால் கிலோ இல்லை.

இதையெல்லாம் வாடிக்கையாளரிடம் சொல்லி வாதாடாதீர்கள். வாதத்தில் ஜெயிப்பீர்கள், ஆர்டர் போய்விடும். கேமராவைச் சுற்றி கேஜ் என்ற உலோகக் கூடு, மேலே கைப்பிடி, முன்னால் மேட் பாக்ஸ் மாட்டிக்கொண்டு போங்கள். மேட் பாக்ஸ் வேண்டாத வெளிச்சத்தை மறைக்கும், ஃபில்டரைத் தாங்கும், பார்ப்பவர் வாயையும் அடைக்கும். அவர் உள்ளே போனதும் கழற்றிவிடலாம். சின்ன கேமராவுக்கு முன்னால்தான் மனிதர்கள் இயல்பாகப் பேசுகிறார்கள். மிச்சக் காசில் நல்ல காலர் மைக் வாங்குங்கள். படம் சுமாராக இருந்தால் பொறுப்பார்கள், பேச்சு கேட்காவிட்டால் பொறுக்க மாட்டார்கள்.

எங்கள் எழுத்துத் தொழில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? கனத்த தாள், பெரிய எழுத்து, அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒரு வெற்றுப் பக்கம் என்று போட்டுக் குறுநாவலைத் தலையணை ஆக்குகிறார்கள். என் நண்பராக இருந்த ஒரு விமர்சகர் அறுநூறு பக்கத்துக்குக் குறைந்தால் ‘முயற்சி’ என்று எழுதுவார், தாண்டினால் ‘சாதனை’. என் கதைத்தொகுதி கையில் கனமில்லாமல் இருந்ததாம். ‘நம்பிக்கையளிக்கும் முயற்சி’ என்று ஒன்றரை வரியில் முடித்துவிட்டார். அதே மாதம் ஒரு தலையணைக்கு நான்கு பக்கம். அதில் முதல் அத்தியாயத்தைத் தாண்டி ஒரு மேற்கோள்கூட இல்லை. இதைக் கடிதமாக எழுதிக் கேட்டேன். பதில் வரவில்லை. சின்னக் கடிதம்தான், அதனால் இருக்கலாம்.