கட்டைப் பிரித்தும் விரல் மடங்கவில்லை: இழுத்துவிடலாமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதி வாசகி ஒருவர் கேட்கிறார்: "அம்மாவுக்கு 71 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தார்கள். எலும்பு சேர்ந்துவிட்டதாம். ஆனால் விரல்கள் மடங்கவில்லை. பிசியோதெரபிக்கு ஐந்து வாரம் கழித்துத்தான் தேதி. அதுவரை எண்ணெய் போட்டு இழுத்துவிடுபவரிடம் போகலாமா?"

வேண்டவே வேண்டாம். சேர்ந்த எலும்புக்கு முழு வலு வர இன்னும் மாதங்கள் ஆகும். இப்போது இறுகியிருப்பது மூட்டும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணும். இழுத்தால் வீக்கம் கூடும், வலிக்குப் பயந்து அம்மா கையையே அசைக்க மாட்டார். "பத்து நாளில் சரியாகும்" என்று வீடு தேடி வந்து அதிர்வு மெஷின் விற்பவர்களையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பென்ஷன் பணத்தைத் தவணையில் தொலைத்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் பலர்.

ஐந்து வாரம் காத்திருக்கச் சொல்வதும் அநியாயம்தான். கட்டுப் போட்ட அன்றே "விரலை அசைத்துக்கொண்டே இருங்கள்" என்று யாராவது சொல்லியிருந்தால் பாதிச் சிரமம் வந்திருக்காது.

இன்றே தொடங்குங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கையைப் பத்து நிமிடம் வைத்து, விரல்களை மெதுவாக மடக்கி நீட்டச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. அப்புறம் முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, விபூதி வாங்குவதுபோல உள்ளங்கையை மேலே திருப்ப வேண்டும். கடைசியாகத் திரும்பி வருவது பெரும்பாலும் இந்த அசைவுதான். லேசாக இழுக்கிற வலி இருக்கலாம். இரவெல்லாம் வலித்தால் மறுநாள் குறையுங்கள். ரொட்டி மாவு பிசைவது பிறகு.

ஒன்றை மட்டும் தினமும் பாருங்கள்: கையை மேசைமேல் கவிழ்த்து வைத்துக் கட்டைவிரலை மட்டும் தூக்கச் சொல்லுங்கள். நேற்று வரை தூக்கியவருக்கு இன்று முடியவில்லை என்றால் அது விறைப்பு இல்லை, நாண் அறுந்திருக்கலாம். எலும்பு விலகாத சாதாரண முறிவிலும் இப்படி நடக்கும், வலியே இல்லாமலும் நடக்கும். அதனால்தான் வீட்டில் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். எந்தப் பயிற்சியும் அதைச் சேர்க்காது. தேதிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போங்கள். கை பளபளவென்று வீங்கி, நிறம் மாறி, தொட்டாலே துடித்தாலும் அப்படித்தான்.

கையில் கொஞ்சம் பணம் இருந்தால் தனியார் பிசியோதெரபிஸ்டிடம் இரண்டு தடவையாவது காட்டுங்கள். தென்னாப்பிரிக்காவில் அதற்கு டாக்டர் கடிதம் தேவையில்லை. மருத்துவத் தொழில் செய்பவர்களைப் பதிவு செய்யும் எச்பிசிஎஸ்ஏ (HPCSA) கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். அது 'பிடி' (PT) என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

மருத்துவமனைத் தேதியை விட்டுவிடாதீர்கள். எலும்பு பலவீனமாகியிருக்கிறதா என்று பார்க்க, அன்று எலும்பு அடர்த்திப் பரிசோதனையையும் நீங்களே கேட்டு வாங்குங்கள். அவர்களாகச் சொல்வது அபூர்வம்.